புரதம்: இல்லை

மார்ச் 4

தம்பிக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். புதிதாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆனது ஊரறிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ நிம்மதியாகப் படிக்கலாம். உன் கிட்னியைக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டாலும் சர்க்கரை உள்ளவனிடமிருந்து எடுக்க மாட்டார்கள். உன்னிடமிருந்து வேண்டியது ஒரு குப்பி ரத்தமும் ஒரு டப்பா சிறுநீரும். அதுவும் எனக்கில்லை, ஒரு டாக்டருக்கு.

ஒன்றரை வருடமாக எனக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை எட்டு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தால் பன்னிரண்டுக்குத்தான் எழுந்திருப்பேன். இடது கை அசையக்கூடாது. வலது கை சும்மாதான் இருக்கிறது, அதனால் அட்டையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மற்ற நாட்களில் பழையபடி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போகிறேன். முதலாளி நல்லவர், என்னை உட்கார்ந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்.

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. சர்க்கரை வந்த எல்லாருக்கும் கிட்னி கெடுவதில்லை. முப்பது வருடம் சர்க்கரையோடு இருந்தும் கிட்னிக்கு ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. என்னைப் போன்றவர்களும் உண்டு. சாப்பாடு, மருந்து, பிரஷர் எல்லாம் ஒரு பங்கு, பிறக்கும்போதே மரபணுவில் வாங்கி வந்தது ஒரு பங்கு என்கிறார்கள். அந்த இரண்டாவது பங்கைத் தேடுகிறார்கள். அதற்கு, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து, இருவருக்கும் சர்க்கரை இருந்து, ஒருவருக்குக் கிட்னி கெட்டு மற்றவருக்குக் கெடாத ஜோடிகள் வேண்டுமாம். "அப்படி யாராவது உங்க வீட்ல இருக்காங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

ஆனால் உன்னை மறப்பதாவது. என் மகள் வாலு கல்லூரியில் சேர்ந்ததற்கு எல்லாரும் என் வீட்டில் கூடியிருந்த அன்று, எனக்கு யூரினில் புரதம் போவதாக முதல்முதலாகச் சொன்னேன். நீ பையிலிருந்து உன் கம்பெனி ரிப்போர்ட்டை எடுத்து அத்தனை பேர் நடுவிலும் விரித்தாய். "ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான். என் யூரின்ல புரதம் இல்லைன்னு போட்டிருக்கு. உனக்கு இருக்குன்னா அது உன் வாய் பண்ணின வேலை" என்றாய். வாலுவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த வருடம் அவளுக்கும் சர்க்கரை வந்தது.

போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த வாக்கியம்தான் காதில் விழும். சம்மதமா இல்லையா என்று ஒரு வரி எழுது. படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பழைய ரிப்போர்ட்டுகள் எத்தனை வருடத்துக்கு இருக்கிறதோ அத்தனையும் கேட்கிறார்கள். நீ பத்திரமாக வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை கிரேன் கேபினில் உட்கார்ந்து படித்தேன். கீழே கப்பல் வர ஒரு மணி நேரம் தாமதம், அதனால் நாற்பது மீட்டர் உயரத்தில் எனக்கு வேலையில்லை. மூன்று தடவை படித்தேன். திட்டு வாங்கியும் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவாயா?

அன்றைக்கு நான் பேசியது அதிகப்படி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் மேல் இருந்த அக்கறையில்தான் பேசினேன் அக்கா. நீ அப்போது எதையும் கட்டுப்படுத்தவில்லை என்பதும் உண்மைதானே. சரி, விடு. பழையதைக் கிளறினால் இரண்டு பேருக்கும் பிரஷர் ஏறும்.

ரத்தம் கொடுத்துவிட்டேன். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரியில் இருக்கும் நர்ஸம்மாவிடம் உங்கள் டாக்டரின் படிவத்தைக் காட்டினேன். அவரே ரத்தம் எடுத்து, டப்பா கொடுத்து, எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். பதினோரு வருட ரிப்போர்ட் நகலும் போய்விட்டது. ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. எல்லாவற்றிலும் ஒரே வரி: புரதம், இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் அசந்து போவார்கள். "என் முடிவை அக்காவிடம் சொல்லலாம்" என்ற கட்டத்திலும் டிக் அடித்திருக்கிறேன்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை. இங்கே வருடா வருடம் மெடிக்கல். கண், காது, பிரஷர், சர்க்கரை, யூரின் எல்லாம் பார்ப்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள், வேறு எதிலாவது கோளாறு என்றால் மறுநாளே ஆளைக் கீழே இறக்கி வாசல் கேட்டில் சீட்டுக் கிழிக்க விட்டுவிடுவார்கள். இருபத்தெட்டு வருடம் மேலே இருந்தவனுக்குக் கேட்டில் நிற்பதைவிட வேறு தண்டனை வேண்டாம். கடவுள் புண்ணியத்தில் இதுவரை தப்பித்தேன். கீழே நின்று எனக்குக் கைஜாடை காட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான், கழுத்து நீளம் என்பதால் எல்லாரும் அவனை ஒட்டகம் என்பார்கள். பெட்டி எங்கே இறங்கவேண்டும் என்று எனக்குக் கண் அவன்தான். நாங்கள் இருவரும் ஒன்றாக ஓய்வு பெறுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

வாலு ரேடியோவில் செய்தி வாசிக்கிறாளாமே. இங்கே அந்த ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை. மாமா விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

செப்டம்பர் 27

தம்பிக்கு,

முடிவு வந்துவிட்டது. நேற்று கடைக்கு லீவு போட்டு வாலுவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் ரத்தம் கொடுத்திருந்தாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டும் சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு ஒரு மாதிரி இழைகளால் ஆனது. அந்த இழையைக் கட்டுகிற மரபணுவில் சிலருக்குச் சின்ன மாறுபாடு ஒன்று இருக்கிறது. அது இருப்பவர்களுக்குச் சர்க்கரையால் கிட்னி கெடுவது கொஞ்சம் குறைவாகத் தெரிகிறதாம். உனக்கு அது இருக்கிறது. எனக்கு இல்லை. வாலுவுக்கு இருக்கிறது. என்னிடம் இல்லாததால் அவள் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த மனிதர் சொல்லாமல் செய்த ஒரே நல்ல காரியம்.

"இது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தா தெரியற கணக்கும்மா. ஒரு ஆளைக் காட்டி இவருக்கு வரும், இவருக்கு வராதுன்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். நான் தலையாட்டினேன். என் காதில் ஏறியது வேறு.

நான் சாப்பிட்டதால் வந்ததில்லை. அதுதான் காதில் ஏறியது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிச் சாப்பிட்டவள் நான். உன் ரிப்போர்ட்டை நினைத்துக்கொண்டு பாதித் தட்டோடு எழுந்த நாட்கள் உண்டு. நீ என்னைவிட ஒழுக்கமாக இருந்ததால் தப்பவில்லை தம்பி. உனக்கு ஒன்று கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். நிம்மதியில்தான் அழுதேன். இதை நீ என்னிடம் ஒரு தடவை எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். "அக்கா, அது உன் வாய் பண்ணின வேலை இல்லை" என்று ஒரே வரி போதும்.

வாலு என்னைவிட சந்தோஷமாக இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வருடமாக யூரினில் புரதம் மிக லேசாகப் போகிறது. பிரஷர் மாத்திரை ஒன்று கொடுத்திருந்தார்கள். பிரஷருக்கு இல்லை, கிட்னிக்குக் காவலாக. அது அவளுக்கு வறட்டு இருமலைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. செய்தி வாசிக்கிறவளுக்கு இருமல் வந்தால் எப்படி? நடுவில் மைக்கை அணைத்துவிட்டு இருமியிருக்கிறாள். நேற்று வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டாள். டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்து என்றேன். "மாமாவுக்கு இருபத்திரண்டு வருஷமா சர்க்கரை, ஒரு பொட்டுப் புரதம் இல்லை. அதே மரபணுதான் எனக்கும்" என்கிறாள். அடுத்த பரிசோதனைக்கும் போகமாட்டாளாம்.

எனக்கும் அவளோடு சண்டை போட மனம் வரவில்லை. இருமல் இல்லாமல் அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று.

அக்கா

அக்டோபர் 8

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வாலுவை மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல். டாக்டர்தான் சொல்லிவிட்டாரே, ஒரு ஆளை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று. என்னைப் பார்த்து அவள் எதையும் செய்யவேண்டாம். என் உடம்பு வேறு, அவள் உடம்பு வேறு. ▬▬▬▬▬▬▬▬▬▬▬▬ பரிசோதனைக்கும் கட்டாயம் போகச் சொல். அவளுக்குப் புரதம் எவ்வளவு போகிறது என்று எண்ணை எழுது.

நீ கேட்ட அந்த ஒரு வரியைப் பிறகு எழுதுகிறேன். எழுதமாட்டேன் என்று இல்லை.

தம்பி

அக்டோபர் 15

தம்பிக்கு,

ஒன்பது வருடம் கழித்தும் உனக்கு உபதேசம்தான் முதலில் வருகிறது. நான் கேட்டது ஒரு வரி. வந்தது ஒரு சீட்டு மருத்துவ ஆலோசனை.

உன் கடிதத்தை வாலுவிடம் காட்டினேன். "மாமா தன்னடக்கத்துல சொல்றார்" என்று சிரித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். பரிசோதனை நாள் முந்தாநாள் வந்து போயிற்று. அவள் போகவில்லை.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். பெருமையடித்துக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் நீ விடுகிற ஆளா? பதினோரு வருட ரிப்போர்ட்டை நகலெடுத்து அனுப்பியவன், ஆராய்ச்சியே உன் பக்கம் சாய்ந்ததும் ஏன் நழுவுகிறாய்? சின்ன வயதில் நீ ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று படுப்பாயே, அந்த மாதிரி இருக்கிறது உன் கடிதம்.

நீ ஒரு வரியைப் பேனாவால் அடித்திருக்கிறாய். நான் நாள் முழுக்க லென்ஸில் கீறல் தேடுகிறவள். கடை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். "ஒட்டகம் கொடுத்ததை வைத்து" என்று இருக்கிறது. அதற்குமேல் நீயும் எழுதவில்லை.

ஒட்டகம் எதைக் கொடுத்தான்?

அக்கா

நவம்பர் 2

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத இரண்டு வாரம் ஆனது. நான்கு முறை கிழித்தேன். இந்தத் தடவை எப்படி வந்தாலும் தபாலில் போட்டுவிடுவேன்.

ஒட்டகம் கொடுத்தது சிறுநீர். பதினோரு வருடமாக என் பெயர் ஒட்டிய டப்பாவில் இருந்தது அவனுடையது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மெடிக்கலில் எனக்குப் புரதம் லேசாக இருக்கிறது என்றார்கள். நர்ஸம்மா, "ஜுரம் இருந்தாக்கூட இப்படிக் காட்டும், அடுத்த வாரம் திரும்பக் கொடுங்க" என்றார். எனக்கு அந்த வாரம் ஜுரம்தான். அதனால் ஜுரத்தினால்தான் என்று நினைத்தேன். ஆனாலும் பயம். திரும்பக் கொடுக்கும் நாளில் நானும் ஒட்டகமும் சேர்ந்துதான் போனோம். நான் உள்ளே போகாமல் நிற்பதைப் பார்த்து, "கொண்டா, எனக்கு இப்போ வருது" என்று டப்பாவை வாங்கிக்கொண்டான். அவனுக்குச் சர்க்கரை இல்லை, ஒரு வியாதியும் இல்லை. ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. இருவரும் கேன்டீனில் சிரித்தோம்.

அடுத்த வருடமும் அப்படியே செய்தோம். ஒரு தடவைதான், இரண்டு தடவைதான் என்று போய், பிறகு வழக்கமாகிவிட்டது. மெடிக்கல் நாளில் அவன் காலையிலேயே ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வருவான்.

இதில் மோசமானது எது என்றால், ரிப்போர்ட் வரும்போதெல்லாம் நான் அதைப் படித்து சந்தோஷப்பட்டேன். மேலே என் பெயர், என் வயது, என் வேலை. கீழே புரதம் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் அது என்னுடையது என்றே நம்ப ஆரம்பித்துவிட்டேன். உன் வீட்டில் அன்று விரித்தது இரண்டாவது வருடத்து ரிப்போர்ட். சத்தியமாகச் சொல்கிறேன், உன்னிடம் அதைக் காட்டும்போது நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் ஆராய்ச்சி டப்பாவும் அதே கதைதான். நர்ஸம்மா என் கையில் கொடுத்தார், என் கை ஒட்டகத்திடம் நீட்டியது. இது வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறது, என்னுடையதையே கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரத்தம் மட்டும் என்னுடையது, அதை ஊசியால் நேராக எடுத்துவிட்டார்கள். ஆனால் அது மரபணு பார்க்க மட்டும் என்று படிவத்தில் இருந்தது.

வாலு பரிசோதனைக்கும் போகவில்லை என்று படித்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போன வாரம் நான்கு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு லேபுக்குப் போய் ரத்தத்தோடு முதல் தடவையாக என்னுடைய சிறுநீரையும் கொடுத்தேன். ரிப்போர்ட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. புரதம் மூன்று கூட்டல் குறி, அதாவது மிக அதிகம். கிட்னி நூற்றுக்கு நாற்பத்தொன்று வேலை செய்கிறதாம். லேபில் இருந்த பெண் "யார்கிட்ட சார் பாக்கறீங்க?" என்று கேட்டாள். யாரிடமும் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அக்கா, அது உன் வாய் பண்ணின வேலை இல்லை. நீ கேட்ட வரி. இப்படி எழுதவேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. வாலுவிடம் சொல்லிவிடு. ஆனால் ஆராய்ச்சி டாக்டரிடம் இப்போது வேண்டாம். அவர்கள் படிவம் எங்கள் நர்ஸம்மா வழியாகப் போனது, கேள்வி அந்த வழியாகவே திரும்பி வரும். என் வேலையை விடு. மாற்றிக் கொடுத்தது தெரிந்தால் ஒட்டகத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினான்கு மாதம் பொறுத்தால் இருவரும் வெளியே வந்துவிடுவோம்.

வீட்டில் என் மனைவிக்கும் இன்னும் சொல்லவில்லை.

தம்பி

நவம்பர் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை டயாலிசிஸ் நாற்காலியில் படித்தேன். இயந்திரம் கத்த ஆரம்பித்துவிட்டது. என் பிரஷர் ஏறியதாம். நர்ஸ் வந்து கடிதத்தைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இப்படி ஒரு நாள் வரவேண்டும் என்று ஒன்பது வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். உன் ரிப்போர்ட்டில் ஒரு கூட்டல் குறியாவது விழட்டும் என்று நினைத்த நாள்கூட உண்டு, இப்போது ஒத்துக்கொள்கிறேன். மூன்றாக விழுந்திருக்கிறது. எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. உனக்கு அடுத்து என்னென்ன வரும் என்று எனக்குத்தான் வரிசையாகத் தெரியுமே.

உன்மேல் கோபம் இருக்கிறது. நீ பொய் சொன்னதைவிட அந்தப் பொய்யை வைத்து எனக்குப் புத்தி சொன்னதுதான் ஆறமாட்டேன் என்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

வாலுவிடம் சொன்னேன். மாமாவின் ரிப்போர்ட் அவருடையது இல்லை என்றேன். நம்பவில்லை. "உனக்கு மாமாமேல இருக்கிற கோபம் எனக்குத் தெரியும்மா. அதுக்காக இப்படியா?" என்றாள். உன் கடிதத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இது என் கை வழியாகப் போகக்கூடாது. நீ காட்டிய ரிப்போர்ட், நீதான் திரும்ப வாங்கவேண்டும். அவளைக் கூப்பிட்டுப் பேசு. எண் கீழே இருக்கிறது. செய்தி முடித்து அவள் மூன்று மணிக்கு வெளியே வருவாள்.

டாக்டரிடம் சொல்லவேண்டாம் என்கிறாய். நேற்று எனக்குப் பக்கத்து நாற்காலிக்கு ஒருவர் புதிதாக வந்தார். தபால்காரர். அவர் தங்கைக்கும் சர்க்கரை, அவளும் ரத்தம் கொடுத்திருக்கிறாள். அவர்களும் அந்த ஆயிரம் பேரில் இருக்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் ஒட்டகத்தின் சிறுநீர் உன் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. உன்னை நம்பி ஒரு வாலு மாத்திரையை நிறுத்தினாள், எனக்குத் தெரிந்தது. தெரியாதது எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. நாற்பத்தொன்றோடு நீ நாற்பது மீட்டர் மேலே உட்கார்ந்து பெட்டி தூக்குகிறாய். எனக்கு அந்த அளவில் இருந்தபோது உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றும். உன் பெட்டிக்குக் கீழே நிற்கிறவன் யார்? நீ காப்பாற்ற நினைக்கும் அதே ஆள்தான்.

நான் டாக்டருக்கு எழுதமாட்டேன். நீ எழுது. நான் ஒரு மாதம் காத்திருப்பேன்.

அக்கா

டிசம்பர் 6

அக்காவுக்கு,

இரண்டையும் செய்துவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

வாலுவை மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். மாமா என்றதும் குரல் துள்ளியது. அந்தத் துள்ளலைக் கேட்டுக்கொண்டு சொல்வது பெரும்பாடாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், லேப் எண்கள் உட்பட. அவள் பக்கம் பஸ் போகும் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ பதினோரு வருஷமா உங்களுக்கு யாருமே மாத்திரை தரலையா மாமா?"

எனக்கு அதுவரை அந்த எண்ணமே வரவில்லை அக்கா. கிரேன், கேட், ஒட்டகம், உன் கோபம் என்று எல்லாவற்றையும் யோசித்தேன். புரதம் இல்லாதவனுக்கு யார் மருந்து தருவார்கள் என்று யோசிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, கன்டெய்னர் நிழலில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஆராய்ச்சி டாக்டருக்கு எழுதினேன். நகல் இருக்கிறது, நீ பார்க்கவேண்டாம், எழுத்துப்பிழை அதிகம். அன்றே கம்பெனி நர்ஸம்மாவிடமும் போனேன். வேறு ஒருவருடையதைக் கொடுத்து வந்தேன் என்றேன். யாருடையது என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். "உங்க உடம்பை நீங்களே ஏமாத்திக்கிட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். அன்று மத்தியானமே என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒட்டகம் தானாகவே போய் "என்னுடையதுதான்" என்று சொல்லிவிட்டான். ஏன்டா என்றேன். நீ இல்லாத கிரேனுக்குக் கைஜாடை காட்டப் பிடிக்கவில்லை என்றான். அவனுக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன், வேலை போகவில்லை. எனக்குக் கேட். சீட்டுக் கிழிக்கிறேன். வருகிற லாரிக்காரர்கள் என்னை வணங்கிவிட்டுப் போகிறார்கள், அது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மற்றபடி தண்டனை என்று நினைத்த அளவுக்கு இல்லை. கால் வீக்கம்தான், நிற்க முடியவில்லை.

வீட்டில் அவளிடமும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் என் பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கால் வீக்கத்துக்கு ஏற்ற மாதிரி அகலமாக ஒன்று வாங்கி வந்தாள்.

வாலு மாத்திரை போடுகிறாளா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி

டிசம்பர் 14

தம்பிக்கு,

போடுகிறாள். நீ பேசிய மறுநாளே, தவறவிட்ட பரிசோதனைக்கு அவளே போய் நின்றிருக்கிறாள். புரதம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. பயப்படும் அளவுக்கு இல்லை, மருந்தில் நிற்கும் என்கிறார்கள். இருமலைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். அதே வேலையைச் செய்யுமாம், இருமல் கொடுக்காதாம். முன்னமே இருமுகிறது என்று சொல்லியிருந்தால் முன்னமே மாற்றியிருப்பேன் என்றாராம். நம் வீட்டில் யார் எதை முன்னமே சொன்னோம்?

ஆராய்ச்சி டாக்டர் நேற்று என் நாற்காலிக்கே வந்தார். உன் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பதினோரு வருடத்தில் நீ கிட்னிக்காக என்ன மருந்து சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மருந்தே இல்லாமல் இத்தனை வருடம் புரதம் போயிருந்தால் இந்நேரம் நீயும் என் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கலாம். இல்லை. இன்னும் நாற்பத்தொன்று இருக்கிறது. அந்த மாறுபாடு உன்னை நிஜமாகவே காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வருடா வருடம் எவ்வளவு புரதம் போனது, எப்போது கூடியது என்று தெரிந்திருந்தால் ஏதாவது சொல்ல முடிந்திருக்கும். அந்தப் பதினோரு வருடத்துக்கு உன்னைப் பற்றி உலகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. ஒட்டகத்தைப் பற்றித்தான் இருக்கிறது.

கிட்னி கெடாதவர்கள் பட்டியலிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள். கெட்டவர்கள் பட்டியலிலும் சேர்க்க முடியாதாம். நான் உனக்கு ஜோடியாகச் சேர்ந்தவள், ஜோடி இல்லாமல் நான் மட்டும் எதற்கு என்று என்னையும் எடுத்துவிட்டார்கள். தபால்காரரும் தங்கையும் இருக்கிறார்கள். நாம் இருவரும் வெளியே.

டாக்டர் போனதும் எனக்கு உன்னை நினைத்து அழுகை வந்தது. எனக்கு ஒன்பது வருடமாக மருந்து கொடுத்தார்கள், திட்டினார்கள், மாதா மாதம் கூப்பிட்டு எடை பார்த்தார்கள். அப்படியும் நான் இங்கே வந்துவிட்டேன், ஆனால் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உன்னை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான். உன் குரல் வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் முழுக்கத் தீரவில்லை. தீரும்வரை உட்கார்ந்திருக்க நேரமும் இல்லை. என்னைப் பார்க்கும் கிட்னி டாக்டரிடம் உனக்கு வருகிற செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கேட்டில் லீவு சொல்லிவிட்டுத் திங்கட்கிழமையே வந்துவிடு. வாலு தன் அறையை உனக்காக ஒழித்துக்கொண்டிருக்கிறாள்.

போனதும் முதல் வேலையாக உன் கையில் டப்பாவைக் கொடுப்பார்கள். நான் கதவுக்கு வெளியே நிற்பேன்.

அக்கா